கொடுவா மீனுக்காக இன்னும் அரை மணி நேரம்

1934 ஈஸ்டர் திங்களன்று எங்கள் ரயில்வே ஆபீசுக்கு விடுமுறை. பங்குனியில் கடல் அடங்கியிருக்கும், ஆற்று முகத்தில் கொடுவா மீன் தூண்டிலில் விழும் என்று கேள்விப்பட்டிருந்தேன். என் மனைவி அன்னமும் வருகிறேன் என்றாள். எட்டு மாதப் பிள்ளையைப் பக்கத்து வீட்டு மரியக்காவிடம் விட்டு, ஒரு மணிக்குள் வந்துவிடுவோம் என்று சொல்லிக் கிளம்பினோம்.

நாங்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸிலிருந்து போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் இருபத்தேழு மைல். காலை ஆறு பத்துக்கு ரயில். மூன்றாம் வகுப்பில் ஆளுக்கு எண்பது காசு. ஏழே முக்காலுக்கு இறங்கிவிடலாம். சம்பான் படகுக்கும் அதை ஓட்டும் பாக் மாட் என்ற மலாய்க்காரருக்கும் சேர்த்து ஒன்றரை வெள்ளி கூலி. இரைக்கு உயிர் இறால் அவரே தந்தார்.

பத்து மணிக்குள் அன்னம் இரண்டு கெளுத்தி பிடித்துவிட்டாள். எனக்கு ஒன்றும் விழவில்லை. பௌர்ணமி கழிந்து மூன்றாம் நாள், தண்ணீர் வேகமாக வற்றும், கிளம்பலாம் என்றார் பாக் மாட். அன்னமும் பதினொன்றேகால் ரயிலை நினைவுபடுத்தினாள். வெறுங்கையோடு திரும்ப எனக்கு மனசில்லை (ஆபீசில் வேறு சொல்லி வைத்திருந்தேன்). அரை மணி நேரம் கேட்டேன்.

கொடுவா விழுந்தது. முழங்கை நீளம். ஆனால் படகைத் திருப்பும்போது அடி சேற்றில் தட்டியது. சற்று நேரத்தில் சுற்றிலும் சேறுதான். இறங்கினால் இடுப்புவரை புதையும். மூன்று மணிக்கு முன் தண்ணீர் திரும்பாது என்றார் அவர்.

அன்னம் என்னைத் திட்டவில்லை. பன்னிரண்டு மணிக்கெல்லாம் அவள் ரவிக்கை நனைந்துவிட்டது. வலி தாங்காமல் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, பாலைச் சேற்றில் பீய்ச்சினாள். பாக் மாட் துண்டை முகத்தில் போட்டுப் படுத்துக்கொண்டார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீடு சேர ஆறரை ஆனது. மரியக்கா கஞ்சித் தண்ணீர் கொடுத்துப் பார்த்திருக்கிறார். பிள்ளை குடிக்காமல் அழுதே ஓய்ந்திருந்தான். அன்னம் மார்பில் சேர்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்போதுதான் அவளுக்குக் கண் கலங்கியது. கொஞ்ச நேரம் கழித்து அவனாகவே தேடிக் குடித்தான்.

போகிறவர்கள் ரயில் நேரத்தை மட்டும் பார்க்க வேண்டாம். தண்ணீர் எப்போது வற்றும் என்று படகுக்காரரிடம் கேட்டு, அவர் சொல்வதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே திரும்புங்கள். குடிதண்ணீர் நிறைய எடுத்துப்போங்கள்.

இனி அந்தப் பக்கமே போகவேண்டாம் என்று அன்றிரவு அன்னத்திடம் சொன்னேன்.

"போகலாம், நானும் வரேன்," என்றாள். "ஆனா எப்போ திரும்பணும்னு நான்தான் சொல்வேன்."