மூன்றாவது பெட்டியின் கொக்கி

குன்னூரில் ஹரிதாசின் பெயர் தெரியாதவர்களுக்குக்கூட அவருடைய நடை தெரியும். பால் வாங்க ஒரு தடவை, பேப்பர் வாங்க ஒரு தடவை, பேப்பரில் ஒன்றுமே இல்லை என்று கடைக்காரரிடம் சொல்ல ஒரு தடவை என்று காலையிலேயே மூன்று முறை மேட்டை இறங்கி ஏறிவிடுவார். மலை ரயிலில் முப்பத்தோரு வருடம் பிரேக்ஸ்மேன். பெட்டியின் முன்மேடையில் கொடியும் கையுமாக நின்றே காலம் தள்ளிய மனிதரை, ஓய்வு கொடுத்தாயிற்று, உட்கார் என்றால் எப்படி உட்காருவார்? பத்தரை மணிக்கு மேட்டுப்பாளையம் வண்டி ஊதினால் போதும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வீட்டின் பின்சுவருக்கு ஓடுவார்.

அவரை உட்கார வைக்கவென்றே மகள் அனுராதா ஒரு மாதிரி ரயில் வாங்கித் தந்தாள். எஞ்சின் ஒன்று, பெட்டி ஐந்து, தண்டவாளம். மனிதர் முன்னறையை அடைத்துப் பலகை போட்டு, சாக்கும் சிமென்ட்டும் குழைத்து ஒரு மலையே கட்டிவிட்டார். வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றவும் இடமில்லை.

எல்லோரையும் போல எஞ்சினை முன்னால் மாட்டியிருந்தால் வம்பே இல்லை. ஆனால் நம் மலையில் எஞ்சின் பின்னால் நின்றுதான் தள்ளும். ஆகவே இதுவும் தள்ளத்தான் வேண்டும் என்று ஒரே பிடி. தள்ளும்போது மூன்றாவது பெட்டியின் கொக்கி மட்டும் கொஞ்சம் தொங்கும். ஏற்றம் தொடங்குகிற இடத்தில் முன்பெட்டியின் கொக்கிக்கு அடியில் நழுவி, அந்தப் பெட்டியை நெம்பித் தண்டவாளத்தை விட்டு இறக்கிவிடும். ஒரு நாளும் தவறியதில்லை.

இது விளையாட்டாக இருந்தவரை சரி. அவர் மனைவி வேணிக்கு இரண்டு வருடமாக மூச்சிரைப்பு. பனி இறங்கினால் பேசுவதற்கே நின்று நின்று பேச வேண்டும். இன்னொரு குளிர்காலம் இந்த ஊரில் வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கோயமுத்தூரில் அனுராதா தன் வீட்டுக் கீழ்ப்பகுதியை வாடகைக்கு விடாமல் காலியாகவே வைத்திருந்தாள். தீபாவளிக்கு வந்தவள், எப்போது வருகிறீர்கள் என்று நேராகவே கேட்டாள்.

"அஞ்சு பெட்டியும் கழலாம ஒருக்கா மேல ஏறட்டும் கண்ணு. அடுத்த வாரமே வந்தர்றோம்" என்றார் ஹரிதாஸ். வேணி இலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இப்போது தை பிறந்துவிட்டது. வண்டி ஏறவில்லை. உண்மையைச் சொல்வதானால், அவர் ஏற விடவில்லை. கடைவீதியில் கடிகாரம் பழுது பார்க்கும் ஃபாரூக், காகிதம் மாதிரி ஒரு வாஷரை இரண்டு மாதம் முன்பே வெட்டிக் கொடுத்துவிட்டான். கொக்கிக்கு அடியில் இருக்கும் மூடியைக் கழற்றி, அதை வைத்து மூடினால் தொங்கல் நின்றுவிடும். ஐந்து நிமிட வேலை. ஹரிதாஸ் அதைத் தைல டப்பாவில் போட்டு, டப்பாவைத் தன் பழைய கொடிப் பையில் போட்டு, பையை ஆணியில் மாட்டிவிட்டார்.

கீழே போய் என்ன செய்வது? சமதரை, வெயில், மலை வண்டி ஊதாத ஊர். நினைத்தாலே அவருக்கு நெஞ்சை அடைத்தது. நிஜமாகவே நெஞ்சு அடைக்கிறவள் அடுப்படியில் இருக்கிறாள் என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் வீட்டில் இருப்புக்கொள்ளாமல் முன்னைவிட அதிகமாக நடந்தார். கோழைத்தனத்துக்கு நடைப்பயிற்சி என்று ஒரு பெயர்.

அன்று காலை ஃபாரூக் கடையைத் திறந்ததும் திறக்காததுமாகக் கேட்டான்: "ஏனுங்கண்ணா, அந்த வாஷர் சரியா உக்காந்துதுங்களா? நேத்து அக்கா செவுத்துக் கடியாரத்துக்கு செல் வாங்க வந்தாங்க. கேட்டா, எந்த வாஷர்ங்கறாங்க!"

ஹரிதாஸ் பேப்பரை மடித்துக் கக்கத்தில் இடுக்கினார். "வேற என்ன கேட்டா?"

"எங்க வெக்கோணும்னு கேட்டாங்க. காட்டிக் குடுத்தனுங்க."

வழக்கமாக இருபது நிமிடம் எடுக்கும் மேட்டை எட்டு நிமிடத்தில் ஏறினார். வழி நெடுக வேணியின் வசவுக்குப் பதில் தயார் செய்தார்.

வேணி கேரட் அரிந்துகொண்டிருந்தாள். "காப்பி வெக்கட்டுங்களா?" என்றாள். அவ்வளவுதான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

நேரே கொடிப் பையைத் துழாவினார். டப்பா இருந்தது, வாஷரும் இருந்தது. அப்பாடா என்று ரயிலைப் பார்த்தார். இரண்டாவதாக நிறுத்திய பெட்டி நான்காவதாக நின்றது. மூன்றாவது பெட்டியை எடுத்துத் திருப்பினார். கொக்கி மூடியின் ஓரத்தில் மெரூன் நிறத்தில் ஒரு விளிம்பு. திருகைக் கழற்றினால், பாதியாக வெட்டிய ஸ்டிக்கர் பொட்டு.

வாஷர் கிடைக்காமல் அவள் பொட்டை வைத்திருக்கிறாள். ஓட்டியும் பார்த்திருக்கிறாள். ஏறியும் இருக்கும். மகளுக்கு ஒரு போன் போட்டிருந்தால் முடிந்தது கதை. போடவில்லை. அவராகச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டுக் கேரட் அரிகிறாள். உள்ளே இருமல் கேட்டது. பிறகு இன்ஹேலரின் சத்தம், இரண்டு தடவை. ஹரிதாசுக்கு வெட்கமாக இருந்தது. முப்பத்தோரு வருடம் ஊரார் உயிருக்குக் காவலாக நின்றவன் செய்கிற காரியமா இது?

மூடியைத் திருகினார். "வேணி, ஒரு நிமிசம் இங்க வா."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். அவர் சுவிட்சைப் போட்டார். எஞ்சின் தள்ளியது. ஏற்றத்தில் மூன்றாவது பெட்டி லேசாக முக்கியது. அப்புறம் ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாக மேலே போய் நின்றன.

"ஏறிருச்சு" என்றார். "அனுராதாவுக்குப் போன் போடு."

"ஆகட்டுங்க" என்றாள் வேணி.

அப்போது கீழ்வளைவில் மேட்டுப்பாளையம் வண்டி ஊதியது. ஹரிதாஸ் அசையாமல் நின்றார். காலை அடக்கிக்கொண்டு நிற்பது அவளுக்குத் தெரிந்தது.

"ஏனுங்க, வண்டி வருது. போய்ப் பாருங்க."

"இருக்கட்டும்."

"போங்க" என்றாள் வேணி, மூச்சை ஒரு தடவை நிறுத்தி எடுத்து. "இன்னும் ஒரு வாரந்தானுங்களே."