வயது பார்க்கிறவள்

மற்றவர்களின் வயதைப் பார்ப்பதுதான் அவள் வேலை. இணையத்தில் வீடியோ கேம் விற்கிற ஒரு கடைக்காக, நான்காவது மாடிக் கூடத்தில் அறுபது பேருக்கு நடுவில் உட்கார்ந்து ஆறு வருடமாக அதைத்தான் செய்துவந்தாள். பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் என்று போட்ட விளையாட்டை வாங்குகிறவர், அடையாள அட்டையையும் புதிதாக எடுத்த முகப்படத்தையும் அனுப்ப வேண்டும். இரண்டும் ஒரே ஆள் என்றால் பச்சைப் பொத்தான், இல்லையென்றால் சிவப்பு. ஒரு முகத்துக்குப் பதினைந்து நொடி. மையால் மீசை வரைந்தவர்களையும், அண்ணன் அட்டையை நீட்டிய தம்பிகளையும் பார்த்துச் சலித்திருந்தாள். ஒருமுறை, அட்டைப்படி நூற்று நான்கு வயதான ஒருவர் பால்பல் விழுந்த வாயோடு சிரித்தார். அவள் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்று கூடத்தில் பேர்.

ஒரு செவ்வாய்க்கிழமை பகலில் திரையில் அவளே வந்தாள்.

அட்டை அவளுடையது. முகமும் அவளுடையதுதான். ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தபோது மகள் எடுத்த படம். வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். பதிமூன்று வயதானதிலிருந்து மகள் முகம் கொடுத்துப் பேசுவதே இல்லை. அன்று அவளாகவே வந்து, "அம்மா, இங்க பாரு, கொஞ்சம் சிரி" என்றாள். அந்த ஒரு சொல்லில் தாய்க்கு நாள் முழுக்க வயிறு நிறைந்திருந்தது.

எந்தப் பொத்தானையும் அவள் தொடவில்லை. மேற்பார்வையாளரைக் கூப்பிட்டாள்.

"உங்க அட்டை, உங்க முகம். இதுல என்ன தப்பு?" என்றார் அவர்.

"வாங்கறது நான் இல்ல சார். என் பொண்ணு."

"அது படத்துல தெரியாதும்மா. படம் பொருந்துதான்னுதான் நம்ம பாக்கணும். சொந்த விஷயத்துல நீங்க கை வைக்கக் கூடாது, பக்கத்து சீட்டுக்கு அனுப்பிடுறேன்."

பக்கத்து இருக்கைப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பச்சைப் பொத்தானைச் சொடுக்கிய சத்தம் அவளுக்குக் கேட்டது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மகளின் போனில் அந்த விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. திட்டுவதற்கு வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த வார்த்தைகள் வாசலிலேயே வற்றிப்போயின. ஆறு வருடத்தில் அவள் பார்த்தது முகங்களைத்தான். அந்த முகங்கள் எதை வாங்கிப்போயின என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. திரையில் ஒருத்தி காலைப் பிடித்துக் கெஞ்சினாள். மகளின் விரல் அசைந்தது. கெஞ்சல் நின்றது. மகள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"இத எதுக்குடி வாங்குன?"

"கிளாஸ்ல எல்லாரும் இதுலதான் பேசிக்குறாங்க. நான் மட்டும் தனியா இருந்தேன்." பிறகு திரும்பாமலே கேட்டாள்: "நீதானே பாத்து விடுவ? நீயே விட்டுட்டேன்னு நெனச்சேன்."

"நான் விடல."

"அப்போ வேற யாரோ விட்டிருக்காங்க."

போனைப் பிடுங்கிவைத்தாள். மகள் சண்டை போடவில்லை. ஒரு வாரம் கழித்து, மகளின் தோழியுடைய அம்மா கடைவீதியில் பார்த்துச் சொன்னாள்: "உங்க பொண்ணு தினமும் எங்க வீட்டுக்கு வந்துதான் போன்ல விளையாடுது. பாவம், சத்தமே போடாது."

அதன் பிறகு திரையில் தாய் வயதுள்ள எந்தப் பெண் சிரித்தாலும் அவள் விரல் சிவப்பைத்தான் தேடியது. அந்தச் சிரிப்பை யாருக்காகச் சிரித்திருப்பாள் என்றுதான் தோன்றும். அப்படித் தடுக்கப்பட்டவர்களில் பிள்ளைகளிடம் ஏமாந்த தாய்மாரும் இருந்தார்கள், தங்களுக்கென்றே உண்மையாக வாங்கியவர்களும் இருந்தார்கள். புகார்கள் குவிந்தன. மூன்றாவது வாரம் மேற்பார்வையாளர் அவளை அறைக்குள் அழைத்து, குரலை உயர்த்தாமல், அடையாள வில்லையைக் கழற்றித் தரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து மகளிடம் வேலை போய்விட்டது என்றாள்.

"ஏன்?" என்று கேட்டாள் மகள்.

அவள் கைப்பையை ஆணியில் மாட்டினாள். மகள் பதிலுக்கு நிற்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தோழி வீட்டுக்குக் கிளம்பினாள்.