நண்டு மணந்த கை

நண்டுக்கறி சாப்பிட்ட கையை எப்படிக் கழுவினாலும் மணம் போகாது. சோப்புப் போடலாம், தேசிக்காய்ப் பாதியைத் தேய்க்கலாம், கொஞ்சம் நகக்கண்ணுக்குள் தங்கிவிடும். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி தேத்தண்ணீரை நீட்டும்போதே மூக்கைச் சுழிப்பாள். நேற்று எங்கே இருந்தீர்கள் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கை சொல்லிவிடும்.

நாங்கள் மூன்று பேர். ஒருவன் சல்லி என்ற கடற்கரைக் கிராமத்தவன், எங்களுக்குச் சல்லிக்காரன். கடலுக்குப் போவதை விட்டுவிட்டு, இப்போது ஹோட்டல்களுக்கு மீன் கொடுக்கிறான். மற்றவன் கிண்ணியா ஊரவன், அதனால் கிண்ணியாக்காரன், டவுனில் ஆணி, பூட்டு, பெயின்ற் விற்கும் கடை வைத்திருக்கிறான். நான் ஓர்ஸ் ஹில்லில் ஒரு கந்தோரில் கடைசிவரை எழுதுவினைஞனாக இருந்து ஓய்வுபெற்றவன். வாலிப வயதில் ஒரே கழகத்துக்கு உதைபந்து விளையாடினோம். பந்து போய்விட்டது, முழங்கால்களும் போய்விட்டன, சனிக்கிழமை மட்டும் மிஞ்சியது.

சனிக்கிழமை சும்மா வந்து வாய்த்ததல்ல. வெள்ளி எங்கள் வீட்டில் சைவம். பௌர்ணமிப் போயா நாளில் பார் பூட்டு. ஞாயிற்றுக்கிழமை சல்லிக்காரனுக்குக் கணக்குவழக்கு. நோன்பு மாதத்தில் கிண்ணியாக்காரன் வரமாட்டான். அவன் வராவிட்டால் எங்களுக்கும் வெளிக்கிட மனம் வராது. இதையெல்லாம் கழித்துப் பார்த்தால் எஞ்சியது சனி பின்னேரம். முதலில், கடலைப் பார்த்தபடி இருக்கும் பழைய பார். சல்லிக்காரனுக்குச் சாராயம், எனக்கு பியர், கிண்ணியாக்காரனுக்கு ஜிஞ்சர் பியர். அவன் குடிப்பதில்லை. ஆனால் எங்கள் மூவரில் குடிவெறியில் இருப்பவனைப்போல் அதிகம் சிரிப்பவன் அவன்தான். புதிதாக வரும் பரிமாறுபவர்கள் அவனுடைய கிளாசைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

அதன்பிறகு உட்துறைமுக வீதிக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் இருக்கும் நண்டுக் கடை. நாலைந்து மேசை, பிளாஸ்ரிக் கதிரைகள், பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் குசினி. சாப்பிட்டு எறியும் வாழையிலைக்காக டவுனுக்குள் திரியும் மான்கள் வாசலில் காத்துக்கொண்டு நிற்கும். முருங்கையிலை போட்டு, பெருஞ்சீரகம் தூக்கலாக, தேங்காய்ப்பால் விட்டு இறக்கிய நண்டு. குசினிக்குள் மூடியைத் திறந்தால் ஒழுங்கை முனையிலேயே எனக்கு வாயூறும். கிண்ணியாக்காரன் வீட்டில் நண்டு வழக்கமில்லை. அவனுக்குத் தனியாக மிளகு போட்ட கணவாய் வரும். பெரிய கொடுக்கு யாருக்கு என்று சல்லிக்காரனும் நானும் சண்டை பிடிப்போம், அவன் நடுவராக இருந்து இரண்டு பக்கமும் அநியாயத் தீர்ப்புச் சொல்வான்.

பிறகு என் நாக்குக்குக் கீழே ஒரு புண் வந்தது. ஆறவில்லை. கொழும்புக்குப் போனோம், புற்றுநோய் என்று வெட்டினார்கள், கதிர் வைத்தார்கள். உயிர் மிஞ்சியது பெரிய காரியம் என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். பெரிய காரியம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வாயில் எச்சில் ஊறுவது நின்றுபோனது. ருசி போனது. சோறு நனைந்த கடதாசி மாதிரி இருக்கிறது. உறைப்பு பட்டால் மட்டும் நெருப்பு. ருசி திரும்பலாம், திரும்பாமலும் விடலாம் என்று டொக்டர் சொன்னார். எச்சிலைப் பற்றி அவர் அந்த அளவு நம்பிக்கைகூடத் தரவில்லை. மூக்குக்கு மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. முன்னையைவிடக் கூர்மையாக இருக்கிறது. எடுத்த கடவுள் இரண்டையும் சேர்த்து எடுத்திருக்கலாம்.

நான் எழும்பி நடமாடத் தொடங்கிய முதல் சனிக்கிழமை அவர்கள் இருவரும் வந்து என்னை நண்டுக் கடைக்குக் கூட்டிப்போனார்கள். கடைக்காரர் கல்யாண வீட்டுக்காரரைப்போல வாசலுக்கே வந்துவிட்டார். சல்லிக்காரன் பெரிய கொடுக்கைத் தானே உடைத்து, சதையை எடுத்து, குழம்பை வழித்துவிட்டு என் இலையில் வைத்தான். சண்டை இல்லாமல் எனக்குக் கிடைத்த முதல் கொடுக்கு அது. வாயில் வைத்தேன். ஒட்டியிருந்த தூளே போதுமானதாக இருந்தது. கண்ணாலும் மூக்காலும் தண்ணீர் ஓட, வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். திரும்பி வந்தபோது அவர்கள் இருவரும் இலையை மடித்துவிட்டிருந்தார்கள். பாதிகூடச் சாப்பிட்டிருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை என்னை வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். துறைமுகப் பக்கம் ஒரு சைனீஸ் சாப்பாட்டுக் கடை. ஏசி, வெள்ளை மேசைத்துணி, மெல்லிய பாட்டு. மூன்று சூப் சொன்னார்கள்.

"எனக்குத்தான் சூப். நீங்கள் ஏன்டா?" என்றேன்.

"எனக்கும் கொலஸ்ட்ரோல் எண்டு சொல்லிப்போட்டாங்கள் மச்சான்," என்றான் சல்லிக்காரன்.

"எனக்கு இரவையில பசியே இல்ல மச்சான் இப்ப," என்றான் கிண்ணியாக்காரன்.

சல்லிக்காரன் கரண்டியைப் பேனை பிடிப்பதுபோலப் பிடித்து ஒரு வாய் குடித்தான். "கோழி குளிச்ச தண்ணி," என்றான். நாங்கள் சிரித்தோம். அன்று அதுதான் ஒரேயொரு சிரிப்பு. அதையே அவன் பிறகு வந்த ஒவ்வொரு சனிக்கிழமையும் சொன்னான், நாங்களும் முறைக்குச் சிரித்தோம். பாருக்கும் போவதில்லை. சூப் வரும், குடிப்போம், பிள்ளைகளைப் பற்றிக் கதைப்போம், மழையைப் பற்றிக் கதைப்போம். தங்களுக்கு வேறு ஏதாவது எடுக்கச் சொல்லி நான் கெஞ்சியும் பார்த்தேன், ஏசியும் பார்த்தேன். கேட்கவில்லை. எனக்காகப் பட்டினி கிடக்கிறார்கள் என்று நினைத்து, கோபத்துக்கு அடியில் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

ஒருநாள் சூப்பிலிருந்த நூடில்ஸ் ஒன்று என் நாடியில் ஒட்டிக்கொண்டது. கதிர் வைத்த இடம் மரத்துப்போயிருந்ததால் எனக்குத் தெரியவில்லை. சல்லிக்காரன் கையை நீட்டி அதை எடுத்துவிட்டான். அந்த ஒரு கணம் அவனுடைய விரல்கள் என் மூக்குக்குக் கீழே இருந்தன.

நண்டு. முருங்கையிலை. பெருஞ்சீரகம்.

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "என்ன, சூடோ?" என்று கேட்டான். ஓம் என்றேன். வெளிக்கிடும்போது கிண்ணியாக்காரனுக்குக் கை கொடுத்து, கொடுத்த கையை மூக்கில் வைத்துப் பார்த்தேன். மெல்லியதாக, ஆனால் சந்தேகமே இல்லாமல், கணவாயும் மிளகும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கத்தினேன். இரண்டு பேரும் வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்து, எனக்கு முன்னால் நோயாளி வேஷம் போடுகிறார்கள் என்றேன். என்னை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பதை மட்டும் வாயால் சொல்ல முடியவில்லை. அவள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவை பசியோட வந்து உங்களுக்கு முன்னால இருக்க வேணுமோ?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"உங்களோட இருக்கிறதுக்குத்தானே சாப்பிட்டுட்டு வருகினம்."

அவள் சொன்னதில் பிழையில்லை. பிழையில்லாததுதான் என்னை இன்னும் எரித்தது. எனக்கு அவர்களுடைய பட்டினி வேண்டாம், சூப்பும் வேண்டாம். அந்த மேசையில் என் கதிரை வேண்டும். சாப்பிடாவிட்டால் என்ன, பக்கத்தில் இருந்து மணத்தை முகர்ந்துகொண்டாவது கொடுக்குக்குச் சண்டை பிடிப்பேனே. இதைச் சொல்லத்தான் அடுத்த சனிக்கிழமை வேளைக்கே வெளிக்கிட்டேன்.

ஒழுங்கைக்குள் திரும்பியதும் மணம் வந்தது. வாய் காய்ந்தபடியே இருந்தது. கடை வாசலில் ஒரு மான் நின்றது, அதன் பின்னால் நானும் நின்றேன். உள்ளே எங்கள் மேசை. கிண்ணியாக்காரன் எதையோ சொல்லிக்கொண்டிருந்தான், சல்லிக்காரன் மேசையில் அடித்து அடித்துச் சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர் வருமளவு சிரிப்பு. முழங்கைவரை குழம்பு. அந்தச் சிரிப்பை நான் எத்தனை மாதமாகக் கேட்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. சூப்புக் கடையில் அவர்கள் கதைத்ததெல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நின்று கதைக்கும் கதை. அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். எனக்கு அந்த அளவுக்குப் பெரிய மனம் இல்லை. உள்ளே போனேன்.

என்னைக் கண்டதும் இருவரும் கைகளை மேசைக்குக் கீழே ஒளித்தார்கள்.

அறுபது தாண்டிய மனிதர்கள். ஒருவனுக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். இலையில் நண்டு ஆவி பறந்துகொண்டிருக்கிறது, அவர்கள் கைகளை மடிக்குள் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார்கள். வழி முழுக்கச் சேர்த்துக்கொண்டு வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"சாப்பிடுங்கோடா. நான் சும்மா இருக்கத்தான் வந்தனான்."

யாரும் கையை வெளியே எடுக்கவில்லை.

"எனக்கு ஒண்டுமில்லை. மணத்துக்குத்தான் வந்தனான். சாப்பிடுங்கோ."

கிண்ணியாக்காரன் ஒரு கையை எடுத்துக் கணவாய்த் துண்டொன்றைத் தொட்டான். வாய்வரைக்கும் கொண்டுபோகவில்லை, திரும்ப வைத்துவிட்டான். சல்லிக்காரன் என்னைப் பார்க்காமல் இலையைப் பார்த்தே கேட்டான்.

"நீ ஏன்டா இங்க வந்தனீ?"

"ஏன், வரக்கூடாதோ?"

"உன்னைப் பாத்துக்கொண்டு எனக்கு இதை விழுங்க ஏலாது. அண்டைக்கு நீ வாயைப் பொத்திக்கொண்டு ஓடினது இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. நான்தான் ஊட்டினனான்."

அவனுடைய குரல் உடைந்தது. மீன் ஏற்றும் லொறிக்காரர்களையே நடுங்க வைக்கிற குரல் அது. எழும்பிப் போய்க் கை கழுவினான். கிண்ணியாக்காரனும் பின்னால் போனான். கடைக்காரர் இலைகளை மடித்து எடுத்துப்போய் வாசலில் போட்டார். என் கதிரையைத் திரும்பப் பெறத்தான் வந்தேன். வந்து, அவர்களுக்கு மிஞ்சியிருந்த மேசையையும் கெடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகும் சனிக்கிழமை சூப் நடந்தது. என் கதிரைக் கதையை யாரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. இருவருடைய கைகளிலும் சோப்பு மணம் மட்டும் வந்தது. நான் அறியக்கூடாதென்று நன்றாகத் தேய்த்துக் கழுவுகிறார்களா, இல்லை அந்தக் கடைக்கே போவதை விட்டுவிட்டார்களா, தெரியாது. கேட்கப் பயமாக இருந்தது. விட்டுவிட்டோம் என்று சொன்னால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? "கோழி குளிச்ச தண்ணி" என்பதைக்கூட சல்லிக்காரன் சொல்லுவதில்லை. இனி நான் வரவில்லை என்று சொல்லி இவர்களை விட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைப்பேன். பின்னேரமானதும் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை சல்லிக்காரன் வரப் பிந்திவிட்டது. நானும் கிண்ணியாக்காரனும் சூப்பை முன்னால் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். அவன் கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்தான். வலது கையை உடம்பில் படாமல், அடிபட்ட கையைப்போல நீட்டிப் பிடித்திருந்தான்.

"என்னடா, கையில காயமோ?" என்றேன்.

அவன் எனக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தான். வழமையாக எதிரில்தான் இருப்பான். அந்தக் கையைக் கொண்டுவந்து என் சூப்புக் கோப்பைக்குப் பக்கத்தில், வெள்ளை மேசைத்துணியில் வைத்தான். விரல்களில் குழம்பு மஞ்சளாகக் காய்ந்துபோய் இருந்தது. நகத்தில் ஒரு முருங்கையிலை ஒட்டியிருந்தது.

"கழுவேல்லை," என்றான். "இண்டைக்குச் சினை நண்டு. கொடுக்கு ரெண்டும் எனக்குத்தான் கிடைச்சது. சண்டைக்கு ஆள் இல்லை."

கிண்ணியாக்காரன் தன் கைகளைப் பார்த்தான். "எனக்குத் தொழுகை இரிந்திச்சு மச்சான்," என்றான் மெதுவாக. "கழுவாம இரிக்க ஏலா." ஒரு பெரிய குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்பவனைப்போல அதைச் சொன்னான்.

சல்லிக்காரன் இடது கையால் கரண்டியை எடுத்து சூப்பைக் குடிக்கத் தொடங்கினான். பாதி சேர்ட்டில் ஊற்றுப்பட்டது. வலது கை அசையவில்லை. பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்காரச் சோடி எங்களைப் பார்த்தது. பரிமாறுகிற பையன் ஈரத் துவாய் ஒன்றைக் கொண்டுவந்தான், கிண்ணியாக்காரன் அவனைக் கையசைத்துப் போகச் சொன்னான்.

நான் குனிந்தேன். அந்தக் கையை என்னுடைய இரண்டு கையாலும் தூக்கி முகத்தில் வைத்துக்கொண்டேன். எல்லாம் இருந்தது. பால், பெருஞ்சீரகம், நண்டு ஓட்டை உடைக்கும்போது வரும் அந்த உப்பு. வாய் மட்டும் காய்ந்தபடியே கிடந்தது. கண்ணிலிருந்து வழிந்த தண்ணீர் அவன் விரலில் காய்ந்த குழம்பைக் கரைத்தது.

"ஆக்கள் பாக்கினமடா," என்றான் சல்லிக்காரன். கையை எடுக்கவில்லை.