அப்பாவின் முட்டிவலி

எங்கள் பக்கத்தில் விருந்தாளியை வரவேற்பதைவிட வழியனுப்புவதுதான் பெரிய வேலை. "வாரேனுங்க" என்று எழுந்தவர் கிளம்ப அரைமணி நேரமாகும். விட்டுப்போன பேச்செல்லாம் அப்போதுதான் ஞாபகம் வரும். அதையும் வாசற்கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டுதான் பேசுவார்கள். கார் தெருமுனை திரும்பும்வரை நிற்காவிட்டால் அது மரியாதை இல்லை. இதில் சோமனூரிலேயே என் அப்பாவை மிஞ்ச ஆள் கிடையாது.

இந்த வீட்டில்தான் ஒரு பூனையைக் கதவு தாண்டாமல் நான் காக்க வேண்டியிருந்தது. ஆறாம் வகுப்புப் படிக்கிறவளுக்கு இதெல்லாம் தேவையா?

வெள்ளையனுக்கு ரத்தத்தில் லுக்கேமியா வைரஸ் என்று கோவையில் டாக்டர் சொல்லிவிட்டார். மனிதருக்கு ஒட்டாது, மற்ற பூனைகளுக்கு எச்சில் வழியாக ஒட்டும். குணமாக்க மருந்தில்லை, பத்திரமாக வைத்திருந்தால் கொஞ்ச காலம் இருக்கும். "வெளிய மட்டும் உட்டுறாதீங்க. சின்னக் காயம், காய்ச்சல்னாக்கூட இது தாங்காதுங்க" என்றார்.

"எலி புடிக்க வளத்துன பூனைய ஊட்டுக்குள்ள வெச்சுக் காவல் காக்கோணுமா?" என்று அப்பா வழியெல்லாம் புலம்பினார். காவல் காத்தது என்னவோ நான். வெள்ளையனோ, யாராவது செருப்பைத் தேடினாலே கதவோரம் போய் உட்கார்ந்துகொள்வான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவின் அக்காவான என் அத்தை கிளம்பினார். யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணச் சமையலை அக்காவும் தம்பியும் வாசற்படியில் நின்று அலசினார்கள். "கதவச் சாத்துங்க!" என்று கத்தினேன். "பெரியவங்க பேசறப்ப குறுக்க பேசாத கண்ணு" என்றார் அப்பா. திரும்பிப் பார்த்தால் பூனை இல்லை.

இரண்டு நாள் கழித்துக் காது கிழிந்து, காய்ச்சலோடு வந்தான். ஒரு வாரம் ஊசி. நான் அப்பாவோடு பேசவே இல்லை.

அதன் பிறகுதான் அப்பாவுக்கு முட்டிவலி வந்தது. விருந்தாளி எழுந்தாலும் இவர் நாற்காலியைவிட்டு அசையமாட்டார். "முட்டி புடிச்சுக்கிச்சுங்கக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க" என்பார். வாசலில் பேச்சுத்துணை இல்லாததால் வந்தவர்கள் சட்டென்று வெளியேறுவார்கள், நான் கதவைச் சாத்துவேன். அத்தை தப்பாகத்தான் நினைத்தார். "நாலு தறி கூடப் போட்டதும் தம்பிக்குத் தலக்கனம் வந்துபோச்சு" என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிவிட்டு, ஆறு மாதம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. அப்போதும் அப்பா யாருக்காகவும் நாற்காலியைவிட்டு எழவில்லை.

தைலம் தேய்க்கிற வேலையும் என் தலையில்தான் விழுந்தது. தறிக்குடோனில் நூல் மூட்டை தூக்கும்போது வலிக்காத முட்டி, வீட்டுக்கு வந்ததும் வலிக்கும். எத்தனை பாட்டில் தேய்த்தும் பிரயோஜனமில்லை.

தை மாதம் வெள்ளையன் செத்துப்போனான். மூன்று நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. கேள்விப்பட்டு, கோபத்தை விட்டுவிட்டு அத்தை வந்தார். கிளம்பும்போது அப்பா விறுவிறுவென்று எழுந்து, படியிறங்கி, கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் பேசினார். எங்கள் வாசற்கதவு விரியத் திறந்து கிடந்தது.

பாழாய்ப்போன தைலம் இப்போதுதானா வேலை செய்ய வேண்டும் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.