பாட்டி வாயில் இருந்த குண்டூசி

செத்தவர்களை நல்லவர்களாக்க எங்கள் குடும்பத்துக்கு ஒரு ராத்திரி போதும். தெருக்கோடி வரை கேட்கப் பேசிய என் பாட்டி, விடிவதற்குள் "அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத அம்மா" ஆகிவிட்டாள். சொன்னவர் அவளுடைய ஒரே மகன், என் மாமா. அவளிடம் அதிகம் திட்டு வாங்கியவரும் அவர்தான்.

பாட்டி தையல்காரி. குண்டூசிகளைப் பல்லில் கவ்விக்கொண்டே அளவெடுப்பாள், அப்படியே திட்டவும் செய்வாள். "வயிறு வளர்ந்த அளவுக்கு அறிவு வளரலையேய்யா!" வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் அடுத்த துணியையும் அவளிடமே கொடுத்தார்கள். தையல் அப்படி. மாமா தலை நரைத்த பிறகும் வேலைக்குக் கிளம்புமுன் அவள் முன்னால் நின்று சட்டையைக் காட்டி, வசவு வாங்கிக்கொண்டுதான் போவார். எனக்கு அவள்மேல் கொள்ளைப் பிரியம்.

அவளுக்கென்று இருந்தது ஒரே படம், நான் போனில் எடுத்தது. தையல் மெஷின், வாயில் குண்டூசி, கடுகடுத்த முகம். கூடத்தில் மாட்டுவதற்காக அதை மாமா ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனார். அங்கே குண்டூசியைப் பிடுங்கிவிட்டு, உதட்டை இழுத்துச் சிரிக்க வைத்தார்கள். நிறத்தை ஏற்றி, அவள் கண்ணால்கூடப் பார்க்காத முத்துமாலையையும் போட்டுவிட்டார்கள்.

"மாமா, இது பாட்டியே இல்ல. இதையே பாத்துட்டிருந்தா அவங்க முகமே நமக்கு மறந்துடும்."

"சும்மா இரு. நாலு பேர் வந்து போற வீடு. எங்கம்மா சிரிச்ச முகமா இருக்கட்டும்."

வந்த சொந்தமெல்லாம் "என்ன சாந்தம்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டது. பாட்டியிடம் துணி தைத்த பக்கத்து வீட்டம்மா மட்டும் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு என் காதருகே வந்தாள். "இவங்க யாரு, உங்க பாட்டிக்குத் தங்கச்சியா?"

நான் சிரித்துவிட்டேன். அப்புறம் குளியலறைக்குப் போய் அழுதேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலை. மாமா வேலைக்குக் கிளம்பினார். பழக்கதோஷம், கால் தானாகப் படத்துக்கு முன்னால் போய் நின்றது. சட்டையின் நடுப் பொத்தான் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.

"பொத்தான் பிஞ்சிருக்கும்மா," என்றார் மெதுவாக.

படம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. மாமா நகரவில்லை. ஆபீசுக்கு நேரமாகிறது என்று நான் சொன்னதும் திரும்பினார். முகமெல்லாம் கண்ணீர்.

"இவ என்னைத் திட்டவே மாட்டேங்குறாடி. எங்கம்மாவை எடுத்துட்டு வா."