நடுவில் வானம் தெரிந்த கப்பல்

எங்கள் படகின் வலை முற்றத்து மணலில் மூன்று துண்டாகக் கிடந்த காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நடுத்துண்டு ஒரு வீட்டின் அகலம் இருக்கும். அதில் ஒரு கண்கூடப் பிய்ந்திருக்கவில்லை. அதன் இரண்டு பக்கமும்தான் அறுந்திருந்தது. எழுபதுகளின் கடைசி அது. வாப்பா குந்தியிருந்து அறுந்த நூலைத் தடவித் தடவிப் பார்த்தார். கடலில் படகுக்குப் பொறுப்பான தண்டையல் தள்ளி நின்றார்.

"கப்பல் அறுத்தா ஒரு இடத்திலதானே அறும்? இது கத்தி வெச்ச மாதிரி ரெண்டு இடத்தில இரிக்கி."

"அந்தக் கப்பலுக்கு ஒடம்பு ரெண்டு, முதலாளி. மேலதான் ஒண்டாச் சேர்ந்திரிக்கி. நடுவால அங்கால வானம் தெரியிது. சாம்பல் நிறம். எந்த நாட்டு நேவியோ, அல்லாஹ்தான் அறிவான்."

வாப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சல் வருகிறது. கறியில் உப்புக் குறைந்தால்கூட யாரோ களவெடுத்துவிட்டதாக நினைக்கிற மனிதர் அவர். மீனைக் கடலிலேயே விற்றுவிட்டு, வலையைத் தானே வெட்டிக்கொண்டு வந்து தண்டையல் கதை அளக்கிறார் என்று முடிவுகட்டிவிட்டார். ஊரும் அப்படியே கதைத்தது. இனி எந்தப் படகில் அவரை ஏற்றுவார்கள்? பள்ளிவாசலுக்கு வந்து சத்தியம் பண்ணச் சொன்னார் வாப்பா. தண்டையல் தொழுகைக்குப்போல கை, முகம், கால் கழுவி ஒளு எடுத்து வந்து, எல்லோருக்கும் முன்னால் சத்தியம் செய்தார். வாப்பாவின் முகம் அப்போதும் தெளியவில்லை.

கடைசியில், கடலென்றாலே வாந்தி எடுக்கிற வாப்பா, ஆளை வேவு பார்க்கத் தானே படகில் ஏறினார். விடியும் நேரத்தில் அந்தக் கப்பல் வந்தது. இரண்டு உடலுக்கும் நடுவில் வானம் வெளுத்ததை அவரே கண்டார். நீர்மூழ்கியில் சிக்கியவர்களை மீட்கும் கூண்டை அந்த இடைவெளியால் இறக்கத்தான் சில கடற்படைகள் இப்படிக் கப்பல் கட்டின என்று பல வருடம் கழித்து ஒரு சஞ்சிகையில் வாசித்தேன். அன்று எங்களுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்!

கரைக்கு வந்த வாப்பாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "காக்கா, நாளைக்கும் நேரத்தோட வாங்க" என்றார். அவரை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று வாப்பா கூப்பிட்டதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

தண்டையல் சாரனை உதறிக் கட்டினார்.

"வேற ஆளப் பாருங்க, முதலாளி. பள்ளியில நின்டு சத்தியம் பண்ணக்குள்ள நீங்க நம்பல்ல. இப்ப நம்பினது கப்பலத்தான், என்னய இல்ல."