திறந்து பார்க்காத பணிஸ்

எங்கள் குசினியில் சைவச் சட்டிகள் இருக்கும் றாக்கையில், இடியப்ப உரலுக்குப் பக்கத்தில், ஒரு சதுர அலுமினியத் தட்டுச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அது எங்கள் வீட்டுப் பாத்திரம் இல்லை. ஒரு மார்கழியில், யேசு பிறந்த நத்தாரை ஒட்டி, என் மச்சாள், அதாவது அண்ணையின் மனைவி, அதில் பன் போன்ற சின்னச் சின்னப் பணிஸ்களை அடுக்கிக் கொண்டுவந்தார். எங்கள் பக்கத்தில் பண்டம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒரு பிடி சீனியாவது, இரண்டு வாழைப்பழமாவது வைத்துத்தான் கொடுப்போம். இந்தத் தட்டில் எதை வைத்துக் கொடுப்பது என்று அம்மாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அதனால் அது இங்கேயே நின்றுவிட்டது. அதைக் கழுவித் துடைத்து வைக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு முகம் சுடும்.

எங்கள் வீடு புளியங்கூடலில். மச்சாள் பிறந்த வீடு ஊர்காவற்றுறையில். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஆளுக்கு ஆள் சுகம் விசாரித்து முடிவதற்குள் இறங்கிவிடலாம், அவ்வளவு தூரம்தான். ஆனால் அவர்கள் கத்தோலிக்கர், நாங்கள் சைவர். லண்டனில் இருந்த அண்ணை, அங்கேயே வேலை பார்த்த மச்சாளைக் கட்டப்போவதாகச் சொன்னபோது அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை. கலியாணத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் போகவில்லை. பிறகு பிள்ளைகள் பிறந்தார்கள், தொலைபேசியில் அப்பம்மா என்று கூப்பிட்டார்கள், அம்மா மெல்ல மெல்ல இளகினார். நத்தார் விடுமுறைக்கு அவர்கள் குடும்பமாக வந்து மச்சாளின் தாய் வீட்டில் தங்கியபோது, "ஒருநாள் மத்தியானம் எல்லாரையும் இஞ்சை சாப்பிட வரச் சொல்லு" என்று அம்மாவே சொன்னார். மச்சாள் எங்கள் வீட்டில் கை நனைக்கப்போகும் முதல் நாள் அது. அது நல்லபடியாக முடிய வேண்டும் என்று எனக்கு ஒரே பதற்றம்.

எங்களைப் பற்றியும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் மச்சம் தின்னாத பரம்பரை இல்லை. வெள்ளியும் விரதமும் தவிர்ந்த நாளில் மீன், நண்டு, இறால் எல்லாம் வீட்டுக்குள் வரும். அதற்கென்று தனிச் சட்டி, தனி அகப்பை, கோடிப்புறத்தில் தனி அடுப்பு. மாட்டிறைச்சி மட்டும் படலையைத் தாண்டி உள்ளே வராது. அப்பா தெற்கே கடை வைத்திருந்த காலத்தில் அங்கே என்னென்ன சாப்பிட்டார் என்று எங்களுக்குத் தெரியாது. ஊருக்கு வந்ததும் கிணற்றில் இரண்டு வாளி வார்த்து, திருநீறு பூசிக்கொண்டு சைவராகிவிடுவார். லண்டனில் அண்ணை என்ன சாப்பிடுகிறார் என்றும் அம்மா கேட்டதில்லை. கேளாமல் விடுவதில் எங்கள் வீட்டார் கெட்டிக்காரர். ஒருநாள் கேட்டிருக்க வேண்டியதையும் அப்படித்தான் கேளாமல் விட்டோம்.

அந்த வருடம் திருவெம்பாவையும் நத்தாரும் சேர்ந்து வந்தன. விடியப்புறத்தில் குளித்துக் கோயிலுக்குப் போய்வந்து, நான் விரதம் பிடித்துக்கொண்டிருந்தேன். நத்தாருக்கு மறுநாள் அம்மா பயற்றம் பணியாரம் சுட்டு ஒரு பெட்டியில் போட்டுத் தந்தார். அதை எடுத்துக்கொண்டு ஊர்காவற்றுறைக்குப் போனேன். மச்சாள் குசினிக்குள் நின்றார். மேசையில் முதல்நாள் விருந்தின் மிச்சம், பாதி வெட்டிய மாட்டிறைச்சி றோஸ்ற், குளிர்ந்து இறுகிப்போய் இருந்தது. வாசலிலேயே நின்றுவிட்ட என்னை அவர் கண்டுகொண்டார். யன்னலோரம் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"இதிலை காத்தாட இருங்கோ மச்சாள். இது பிள்ளையளுக்கு. நேற்றையான் மிச்சம், எறிய மனம் வரேல்லை."

எதிலும் படாமல் சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆனால் கண்ணை எடுக்கவில்லை. இறைச்சியைக் கடதாசி மாதிரி மெல்லிசாகச் சீவினார். பேக்கரியில் வாங்கிய கைக்குள் அடங்கும் பணிஸ்களை ஒன்றோடொன்று ஒட்டியபடியே குறுக்கே வெட்டி, அடிப்பாகத்தைத் தட்டில் பரப்பினார். பட்டரில் அரைத்த கடுகைக் குழைத்துப் பூசினார். பொன்னிறமாக வதங்கிய வெங்காயம், அதன்மேல் இறைச்சி, அதன்மேல் சீஸ், பிறகு பணிஸின் மேல்பாதி. மிஞ்சிய பட்டரை உருக்கி மேலே தடவி, எள்ளுத் தூவி, ஈயத்தாளால் மூடி அவணுக்குள் தள்ளினார். லண்டனில் வயோதிபர் இல்லம் ஒன்றின் குசினியில் வேலை செய்தபோது பழகியதாம். அங்கே எந்த விருந்தின் மிச்சமும் மறுநாள் இப்படிப் பணிஸுக்குள் போய்விடுமாம். சூடேற ஏற வெண்ணெயும் வெங்காயமும் கடுகும் சேர்ந்து மணத்தது. விரதக்காரியின் வயிறு அந்த மணத்துக்கு இரைந்தது. எனக்கு வந்த முதல் வெட்கம் அது. அதை மறைக்க முகத்தை இன்னும் கொஞ்சம் சுளித்து வைத்துக்கொண்டேன்.

நான் எழும்புகிற நேரம் மச்சாள் கேட்டார்.

"மாமி லீக்ஸ் சாப்பிடுவாவோ?"

"ஓம், சாப்பிடுவா" என்றேன். ஏதோ கதைக்க வேண்டும் என்பதற்காக ஒரு மரக்கறியைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

பொழுதுபடுகிற நேரம் அண்ணையும் மச்சாளும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மச்சாளின் கையில் இந்தத் தட்டு. அதற்குள் இரண்டிரண்டாக ஈயத்தாளில் சுற்றிய பணிஸ்கள். "மாமி, நான் செய்தனான். சூடாச் சாப்பிடுங்கோ" என்று அம்மாவிடம் நீட்டினார். அம்மா வாங்கினார். "நாளைக்கு வெள்ளனவே வந்திடுங்கோ பிள்ளை" என்றார். தேத்தண்ணி குடித்துவிட்டு அவர்கள் போனார்கள். படலை சாத்திய சத்தம் கேட்டதும் அம்மா என்னைப் பார்த்தார்.

"இது என்னடி?"

நான் கண்டதைச் சொன்னேன். கத்தியைச் சொன்னேன், இறைச்சியைச் சொன்னேன், பட்டர் தடவியதையும் எள்ளுத் தூவியதையும் சொன்னேன். என் கண்ணால் கண்டதல்லவா, சாட்சி சொல்வதில் ஒரு குறையும் வைக்கவில்லை. சொல்லச் சொல்ல அம்மாவின் முகம் இருண்டது. அவர் மச்சாளை ஒரு சொல்லும் ஏசவில்லை. "அதுகளின்ரை வழக்கம். பாசத்திலை கொண்டந்திருக்கு" என்றார். ஆனால் திருவெம்பாவைக் காலத்தில், சாமியறை இருக்கும் வீட்டில் அதை ஓர் இரவு வைத்திருக்கவும் மனமில்லை. அயலுக்குக் கொடுக்கேலாது. குப்பையில் போட்டால் நாளைக்கு வருகிறவர்கள் காண்பார்கள். "வடலிக்குள்ளை கொண்டுபோய்த் தாட்டுவிடு" என்றார் அம்மா.

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வளவின் பின்பக்கம் இளம்பனை வடலிகளுக்குள் போனேன். எங்கள் தீவு மண்ணைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், ஒரு முழம் தோண்டுவதற்குள் கல்லுத் தட்டிவிடும். தட்டிய இடத்தோடு நிறுத்தி, பொட்டலங்களை உள்ளே போட்டு மண்ணைத் தள்ளி மிதித்தேன். அவை இன்னும் இளஞ்சூடாக இருந்தன. ஒன்றையாவது பிரித்துப் பார்க்கலாம் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. தட்டைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, கோடிப்புறத்தில் மச்சச் சட்டிகளோடு கவிழ்த்து வைத்தேன். பிறகு தலையில் தண்ணீர் வார்த்துக்கொண்டு வந்தேன். நாளைக்கு மச்சாள் கேட்டால் நல்லாய் இருந்தது என்று சொல்வதாக அம்மாவும் நானும் பேசி வைத்துக்கொண்டோம். ஒருவர் மனமும் நோகாமல் காரியத்தை முடித்துவிட்டதாக எங்களுக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

மறுநாள் அவர்கள் வந்தபோது அம்மா புதுச்சேலை உடுத்தியிருந்தார். கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு, பயத்தங்காய்ப் பிரட்டல், பருப்பு, முருங்கையிலை வறை, வடை, பாயாசம் என்று குசினி நிறைந்திருந்தது. விறாந்தையில் எல்லோரும் இருந்து கதைத்துக்கொண்டிருந்தோம். எங்கள் நாய் வீமன் வளவைச் சுற்றி வந்து, வாயில் இருந்ததை மச்சாளின் காலடியில் போட்டுவிட்டு வாலை ஆட்டியது. மண் அப்பிய ஈயத்தாள். ஒரு பக்கம் கிழிந்திருந்தது. கிழிசலுக்குள் மஞ்சளாய் உருளைக்கிழங்கு, பச்சையாய் லீக்ஸ், மிளகுத்தூள். இறைச்சி இல்லை. எங்கே தேடினாலும் இறைச்சி இல்லை.

மச்சாள் குனிந்து அதைப் பார்த்தார். பிறகு வீமன் வந்த பக்கம் பார்த்தார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போனால் போதும் என்றிருந்தது. அம்மா கதிரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். வாய் திறந்தவர் அண்ணைதான்.

"உங்களுக்கெண்டு புதுத் தட்டு வாங்கினவள். புதுக் கத்தி வாங்கினவள். பேக்கரியிலை சொல்லி முட்டை பூசாத பணிஸ் செய்விச்சவள். அந்த அவணை ரெண்டுதரம் கழுவினவள்."

"விடுங்கோ" என்றார் மச்சாள். "பிழை என்னிலை மாமி. நான் சொல்லிப்போட்டுத் தந்திருக்க வேணும். உங்கடை வீட்டுக்கு மாட்டிறைச்சி கொண்டு வருவனெண்டு நீங்கள் நினைப்பியளெண்டு எனக்கு யோசனை வரேல்லை."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எங்களுக்குச் சுகமாக இருந்திருக்கும். நானும் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன், அம்மாவும் விரதத்தைச் சாட்டியிருப்பார். அவர் தன் நினைப்பில் எங்களை வைத்திருந்த இடம் எது, எங்கள் நினைப்பில் நாங்கள் அவரை வைத்திருந்த இடம் எது என்பது அந்த ஒரு வசனத்தில் விறாந்தை நடுவே வந்து விழுந்துவிட்டது. அந்தப் பொட்டலத்தை அவரே எடுத்து ஓரமாய் வைத்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து பந்தியில் இருந்தார். அம்மா பரிமாறியதையெல்லாம் சாப்பிட்டார். "வறை நல்லா இருக்கு மாமி" என்றார். நாங்கள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பொய்யை நினைத்தேன்.

அன்று பின்னேரமே அம்மா கோடிப்புறத்திலிருந்து தட்டை எடுத்துவந்து சைவச் சட்டிகளோடு வைத்தார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் வாயால் நான் ஒருநாளும் கேட்டதில்லை. அதற்குப் பிறகு அண்ணை வந்துபோனார், மச்சாள் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றார் அண்ணை. நாங்களும் மிகுந்த அக்கறையாக அந்த லீவைப் பற்றியே விசாரித்தோம். பொங்கலுக்கு வீடு கழுவும்போதெல்லாம் அம்மா அந்தத் தட்டைத் தனியாக எடுத்து மினுக்குவார். "வெறுந் தட்டாக் குடுத்துப்போடாதை பிள்ளை" என்பார். இரண்டு வருடத்துக்கு முன் அம்மா போய்ச் சேர்ந்தார். செத்தவீட்டுக்கும் அண்ணை தனியாகத்தான் வந்தார்.

இந்த நத்தாருக்கு மச்சாள் வருகிறார் என்று செய்தி வந்ததும், யாழ்ப்பாணம் போய் ஒரு சின்ன மின்சார அவண் வாங்கினேன். என் வயதில் அது ஒரு கூத்துத்தான். முதல் முறை பணிஸ் கருகியது. இரண்டாம் முறை உள்ளே ஈரம் காயவில்லை. அன்றைக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டு பார்த்திருந்தாலும் எல்லாம் எனக்கு ஞாபகம் இருந்தது, ஒட்டியபடியே குறுக்கே வெட்டுவது, பட்டரில் கடுகு, கடைசியில் எள்ளு. இறைச்சி இருந்த இடத்தில் உருளைக்கிழங்கும் லீக்ஸும் வைத்தேன்.

மச்சாளுக்குத் தலை நரைத்துவிட்டது. நேரே குசினிக்குள் வந்து கதிரையில் இருந்தார். நான் தட்டை அப்படியே அவர் முன்னால் வைத்தேன். அவர் பணிஸைப் பார்க்கவில்லை, தட்டைத்தான் பார்த்தார். அதன் விளிம்பை விரலால் ஒருமுறை தடவினார். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லவேண்டும், அம்மா சார்பில் சொல்லவேண்டும், எத்தனையோ இரவு யோசித்து வைத்ததையெல்லாம் சொல்லவேண்டும் என்று நான் தொண்டையைச் செருமினேன்.

"மச்சாள், இதுக்குள்ளை..."

அதற்குள் அவர் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டார். மேல்பாதியைத் தூக்கிப் பார்க்கவில்லை. மணந்துகூடப் பார்க்கவில்லை. இந்த வீட்டில் தந்ததை, என் கையால் தந்ததை, கேளாமல் வாயில் வைத்தார்.

"உப்புக் கொஞ்சம் காணாது" என்றார் மென்றுகொண்டே.

நான் உப்புப் போத்தலை எடுக்கிற சாட்டில் றாக்கைப் பக்கம் திரும்பி நின்றேன். எடுக்கக் கனநேரம் பிடித்தது.